பெரட்டு என்று சொன்னவர்

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை நீ நிருபர் வேலைக்கு மட்டக்களப்புக்குப் போகிறாய். பெட்டிக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று நீயும் அப்பாவும் விறாந்தையில் சண்டை பிடிப்பதை நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று எட்டிப் பார்த்து, "அம்மா, நீங்க ஒண்டும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாய். "குடை வை" என்றேன். அதற்குமேல் வாயில் வரவில்லை. நேருக்கு நேர் நின்று சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டம், பெற்ற பிள்ளையிடம்கூட. எழுதினால் வரும். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்கு எழுதும் கடிதத்தைப் பத்திரிகையில் ஏன் போடவேண்டும் என்று நீ கேட்பாய். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நீயும் நானும் ஒரே தொழில் பார்க்கிறோம் என்று ஆட்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நீ விரும்பி வந்தாய். நான் ஒளிந்துகொள்ள இடம் தேடி வந்தேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து கம்பசுக்குப் போன முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய உன் தாத்தா சந்தியில் நின்று அதை எல்லோருக்கும் சொல்வார். "என்ன படிக்கிறா?" என்று யாராவது கேட்டால், "புத்தகம்" என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் விளக்கத் தெரியாது. விரிவுரை மண்டபத்தில் ஒரு கேள்வியும் கேட்காமலேயே பட்டம் வாங்கினேன். பிறகு, ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை எது என்று தேடி, ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். உன் அப்பா வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் பெரிய மாமி, "பேப்பரில வேலை எண்டா, வீடு வீடாப் போடுறதோ?" என்று கேட்டா. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அடக்கமான பிள்ளை என்று சொல்லிச் சம்மந்தம் முடித்தார்கள்.

ஒப்புநோக்கும் அறையில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. செய்திகளில் அமைச்சர் எப்போதும் 'தெரிவித்தார்'. வைத்தியர் 'கூறினார்'. கணவன் அடித்துக் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண் மட்டும் 'சொன்னாள்'. வீதி கூட்டும் பெண் 'அழுதாள்'. யாரும் வேண்டுமென்று அப்படி எழுதுவதில்லை, கை பழகியிருக்கிறது. நான் சிவப்புப் பேனையால் ஒவ்வொரு 'ள்' ஆக வெட்டி 'ர்' போட்டு வந்தேன். கேட்டு வாதாடும் தைரியம் இல்லாததால் கேட்காமல் செய்தேன். ஒரு நாள் ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார்.

"இதென்ன பிள்ளை, றோட்டுக் கூட்டுற மனுசிக்கும் 'ர்', மந்திரிக்கும் 'ர்'?"

"ஓம் சேர்."

"ஆர் மாத்தச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல சேர். பிழையெண்டு நினைச்சுத் திருத்தினன்."

"பிழையோ? எந்த இலக்கணத்தில?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் தாளைத் திருப்பித் தந்து, "சரி, விடும். ஒரு எழுத்துத்தானே, இடம் ஒண்டும் கூடப் பிடிக்கப் போறேல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்திரிகையில் பெண்களுக்கு மரியாதை வந்தது அப்படித்தான், இடம் பிடிக்காது என்பதால்.

நிருபராக என்னை அனுப்பியதும் வேறு ஆள் இல்லாததால்தான். முகத்துவாரத்தில் மீன் காயவைக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள், ஆண் நிருபர்களோடு கதைக்க மாட்டார்களாம், நீ போ என்றார்கள். போனேன். எழுதி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லை. ஒரு பக்கமாக நின்றேன். ஒரு அக்கா திரும்பிப் பார்த்து, "மிஸ், சும்மாதானே நிக்கிறீங்க, அந்தக் கூடைய இங்கால தள்ளுங்க" என்றா. தள்ளினேன். பின்னேரம் வரைக்கும் கூடை தள்ளினேன். நான் இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி ஏன், பிள்ளைத்தாய்ச்சியை முதலாளி என்ன சொல்லி நிறுத்தினான் என்பதெல்லாம் அவர்கள் தங்களுக்குள் கதைத்ததிலேயே வந்துவிட்டது. கூச்சத்தால் வரும் மௌனத்தைப் பார்த்து ஆட்கள் இரக்கப்படுகிறார்கள், அந்த இரக்கத்தில் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று அன்று விளங்கியது. அதற்குப் பிறகு நான் வேறு வேலை தேடவில்லை.

உனக்கு அந்தக் கூச்சம் இல்லை. நீ கேட்பாய். அதனால் உனக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நீ போகும் வீடுகளில் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு ஆண் பதில் சொல்வான். இடைமறிக்காதே. அவன் களைக்கும்வரை எழுதிக்கொண்டிரு, பிறகு தண்ணீர் கேட்டுக் குசினிக்குள் போ. தேத்தண்ணி தந்தால் குடி. அலுவலகங்களில் பெரியவர் உன்னை 'தங்கச்சி' என்று கூப்பிட்டால் கோபப்படாதே. தங்கச்சிமாருக்கு முன்னால் ஆண்கள் பெருமைக்காக நிறையச் சொல்லிவிடுவார்கள். மட்டக்களப்பில் கதைக்கும் தமிழ் வேறு. முதலில் காதைப் பழக்கு.

தமிழைப் பற்றிச் சொல்லும்போது நாங்கள் இருவரும் சண்டை பிடித்த அந்தக் கட்டுரைக்கு வந்தே ஆகவேண்டும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் எழுதிய கட்டுரைகளில் எல்லோரும் ஒரே தமிழ்தான் கதைப்பார்கள். முகத்துவாரத்து மீன்காரப் பெண், மருதானையில் தையல் மெசின் மிதிக்கும் முஸ்லிம் ராத்தா, தெமட்டகொடையில் ரயில்பாதையோரம் வீடு இழந்த தாய், எல்லோருடைய பேச்சையும் பத்திரிகைத் தமிழில்தான் போட்டேன். அதற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. அமைச்சரும் வீட்டில் 'என்னப்பா, சோத்தப் போடு' என்றுதான் கதைப்பார். அவருடைய பேச்சைத் திருத்தி அச்சில் போடுகிறோம். ஏழையின் பேச்சை மட்டும் ஏன் வாயிலிருந்து விழுந்தபடி போடவேண்டும்? வாசிப்பவர் சிரிப்பதற்கா? 'ள்' ஐ வெட்டி 'ர்' போட்டதுபோலத்தான் இதையும் செய்து வந்தேன்.

போன வருடம் நீ வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் உள்ள தொடர்மாடியைப் பற்றி எழுதத் தொடங்கினாய். உன்னோடு படித்த பிள்ளையைப் பார்க்க அங்கே போனபோது, காலையில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் கீழே காவலாளியின் மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்பதைக் கண்டிருக்கிறாய். பெயர் கூப்பிட்டு, பையைத் திறந்து பார்த்துத்தான் மேலே விடுவார்கள். அவர்களுக்கென்று இருந்தது ஒரேயொரு கழிப்பறை, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். அதற்குப் பூட்டு. திறப்பு காவலாளியின் சட்டைப்பையில். ஒவ்வொரு முறையும் ஒரு ஆணிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். மாடிவீட்டுச் சங்கத்தின் விதி அது. அந்தப் பெண்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி, பின்னேரம் வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

இதை உனக்குச் சொன்னவர் காமாட்சி அக்கா. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர், கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருந்து வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய் வந்தார். அவருடைய மகள் அட்டனில் தங்கி ஏ.எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முழுக்க இந்த ஒரு வேலையில்தான் நின்றது. காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்று பல நாட்கள் அவரோடு கதைத்தாய். எழுதி முடித்ததும் எனக்கு போனில் அனுப்பினாய். தலைப்பு: 'வெள்ளவத்தையில் ஒரு பெரட்டு'.

பெரட்டு என்பது தோட்டத்துச் சொல். விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்கு அங்கே அப்படிச் சொல்வார்கள். காவலாளியின் மேசைக்கு முன்னால் நிற்பதைக் காமாட்சி அக்கா அந்தச் சொல்லால் சொல்லியிருந்தார். நல்ல தலைப்பு. உன் கட்டுரை முழுவதும் அவருடைய குரலில் இருந்தது, என்னுடையதைவிட எத்தனையோ மடங்கு உயிரோடு. வாசித்து முடித்ததும் உன்னைக் கூப்பிட்டேன்.

"மகள், அந்தக் கட்டடத்தில வேலை செய்யிற ஆக்கள் எங்கத்தையாக்கள்?"

"முகத்துவாரம், வவுனியா, மட்டக்களப்பு... ரெண்டு சிங்கள அக்காமார். ஏன்?"

"தோட்டத்தில இருந்து?"

"காமாட்சி அக்கா மட்டும்தான்" என்று சொன்னாய். சொல்லும்போதே உன் முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "பேர் மாத்திட்டன் அம்மா. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' எண்டு கீழ போட்டிருக்கு."

"பேரை மாத்தினாய். பேச்சை மாத்தேல்லையே. அந்தச் சொல்லை அங்க வேற ஆர் சொல்லுவினம்?"

"அந்தச் சொல்லை எடுத்தா கட்டுரையில என்ன மிச்சம்?"

"அவவின்ர வேலை மிச்சம்."

"நீங்க எல்லாரையும் ரேடியோ நியூஸ் மாதிரிக் கதைக்க வைப்பீங்க. உங்கட கட்டுரையில ஒருத்தருக்கும் ஊர் இல்லை, வாய் இல்லை!"

அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஒரு சொல்லுக்கோ இவ்வளவு சத்தம்? நான் என்னவோ இவள் ஒரு பொடியனைப் பிடிச்சிட்டாளெண்டு நினைச்சுப் பயந்திட்டன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நீ சொன்னது என் மனதில் போய் நின்றது. நான் சொன்னது உன் மனதிலும் போய் நின்றிருக்க வேண்டும். இரவு முழுக்க இருந்து அந்தக் கட்டுரையை என்னுடைய தமிழில் இன்னொரு முறை எழுதினாய். காலையில், "அவவே முடிவெடுக்கட்டும். வாங்க" என்று சொன்னாய்.

மழை தூறிய ஒரு பின்னேரம். பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் பூட்டியிருந்த கடையின் படியில் நாங்கள் மூவரும் இருந்தோம். முதலில் உன்னுடையதை வாசித்தாய். காமாட்சி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அய்யோ, நாம்பேசுறது அப்புடியே இருக்கே! ரெக்கார்ட் போட்ட மாதிரி." பிறகு சிரிப்பு நின்றது. "இத எங்க வீட்டம்மா படிப்பாங்களா?"

"படிப்பாங்க அக்கா" என்றாய்.

"அப்ப வேணாம் பாப்பா. பெரட்டுன்னு பாத்ததுமே கண்டுபுடிச்சிருவாங்க. 'அது என்ன காமாட்சி பெரட்டு?'ன்னு ஒரு வாட்டி கேட்டுருக்காங்க, நான் வெளக்கமெல்லாம் வேற சொல்லியிருக்கேன்."

மற்றதை வாசித்தாய். அவர் தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டார், பாடசாலைக் கூட்டத்தில் அதிபர் பேசுவதைக் கேட்பதுபோல. "நல்லாத்தான் இருக்கு. யாரோ டீச்சர் பேசுற மாதிரி. ஆனா அதுல நான் இல்லயே."

"அதுக்காகத்தான் அக்கா" என்றேன் நான். அந்தப் பின்னேரத்தில் நான் சொன்ன ஒரே வசனம் அது.

காமாட்சி அக்கா உன் பக்கம் திரும்பினார். "அப்ப இதயே போடுங்க. மக பரீச்ச எழுதுற வரைக்கும் நான் இல்லாம இருக்கறதே நல்லது" என்றார்.

அப்படியே வந்தது. உன் பெயரில், என் தமிழில். அந்த வாரம் மாடிவீட்டுச் சங்கம் கூடி, யார் சொன்னது என்று தேடியது. வீட்டம்மா காமாட்சி அக்காவிடமும் கேட்டிருக்கிறா. "எனக்கு எப்புடிம்மா தெரியும்? எழுத்தப் பாத்தா யாரோ நல்லாப் படிச்சவங்க சொன்ன மாதிரில்ல இருக்கு" என்று அவர் சொன்னாராம். அதை உனக்கு போனில் சொல்லி இருவரும் சிரித்தீர்கள். திறப்பைக் காவலாளியிடமிருந்து எடுத்து வெளியே ஆணியில் தொங்கவிட்டார்கள். வரிசையும் பை பார்ப்பதும் அப்படியே இருக்கின்றன. ஒரு கட்டுரையால் ஒரு திறப்பு ஆறேழு அடி நகர்ந்தது. இந்தத் தொழிலில் அது குறைவில்லை. இதைவிடப் பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் சீக்கிரம் களைத்துவிடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

நீ சந்தோசப்படவில்லை. பல்கனியில் உடுப்புக் காயப்போடும்போது, "நீங்க சொன்னது சரி அம்மா. ஆனா அண்டைக்கு பேப்பரில அந்த அக்கா இல்லை" என்றாய். அன்றிலிருந்து வீட்டு வேலை செய்யும்போதெல்லாம் ஒன்றைச் செய்து பார்க்கிறேன். நான் எழுதிய பெண்களில் ஒருவரை நினைத்துக்கொண்டு, அவர் எப்படிக் கதைத்தார் என்று ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். என்ன நடந்தது என்பது வருகிறது. வீடு வருகிறது, பிள்ளைகள் வருகிறார்கள். குரல் வருவதில்லை. நான் எழுதிக் கொடுத்த குரல்தான் வருகிறது. அவர்களைக் காப்பாற்றுவதற்குச் செய்தது அது. ஆனால் அதில் பலருக்கு ஆபத்தே இருக்கவில்லை. ஆபத்து இருக்கிறதா என்று நான் அவர்களிடம் கேட்டதும் இல்லை. நீ கேட்டாய். இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மழையில் இருந்து கேட்டாய். அந்த வேலைமுறை எனக்குத் தெரியாதது. மட்டக்களப்புக்கு அதைக் கொண்டுபோ. நேரம் பிடிக்கும். ஆசிரியர்கள் அவசரப்படுத்துவார்கள். பிடிக்கட்டும்.

இனி, இது ஏன் பத்திரிகையில் வருகிறது என்பது. காமாட்சி அக்காவின் மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். போன மாதம் அவர் வெள்ளவத்தை வேலையைத் தானாகவே விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் பெண்கள் விடுதி ஒன்றின் சமையலில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு உன்னைக் கூப்பிட்டு, "இப்ப போடுங்க பாப்பா, என் பேரோட" என்றார். நீ ஓடிப்போய் உன் ஆசிரியரிடம் கேட்டாய். வந்த செய்தி திரும்பவும் வராது என்று சொல்லிவிட்டார். அதில் அவருக்குப் பிழை இல்லை. செய்திக்கு அதுதான் கணக்கு. ஆனால் நீ வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் கதிரையில் இருந்ததைப் பார்த்தேன். காமாட்சி அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாய்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில், பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் பக்கத்துக்கு ஒரு கடிதம் கேட்டார்கள். கடிதத்துக்குள் என்ன வரலாம், வரக்கூடாது என்று யாரும் சட்டம் வைக்கவில்லை. உனக்குத் தெரியாமல் காமாட்சி அக்காவுக்கு நானே போன் எடுத்தேன். எனக்கு போன் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இப்படி ஒரு கடிதம், அதில் உங்கள் பேச்சை உள்ளபடி போடலாமா, வீட்டம்மா வாசித்தால் பரவாயில்லையா, மகளுக்கு ஏதும் வருமா என்று உன்னைப்போலவே ஒவ்வொன்றாகக் கேட்டேன். "போடுங்கம்மா, நான் யாருக்கும் பயப்பட இப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, அன்று சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். எழுதியதைத் திரும்ப அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் 'திறப்பு' என்று எழுதியிருந்தேன். "சாவின்னு போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன். வேறு ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கீழே உள்ளது அவருடையது.

"எம்பேரு காமாட்சி. தோட்டத்துல நாங்க பெரட்டுல நிப்போம். விடிய பேரு கூப்புட்டு எந்த மலைக்குன்னு சொல்லுவாங்க, கூடயத் தூக்கிக்கிட்டு போவோம். அது வேல குடுக்கக் கூப்புடுறது. வெள்ளவத்தயில நின்னது வேற பெரட்டு. அங்க களவெடுப்போம்னு கூப்புட்டாங்க. பைய காட்டுனேன், சோத்துப் பொட்டியக் காட்டுனேன். ஒண்ணுக்குப் போகணும்னா சாவி ஒரு ஆம்பளகிட்ட. எதுக்குன்னு கேப்பான். எதுக்குன்னு சொல்றது? அதுனால தண்ணி குடிக்கறத விட்டுட்டேன். வீட்டம்மா கெட்டவங்க இல்ல. வெயில் நேரத்துல, 'காமாட்சி, தண்ணி குடியும், மயங்கி விழுந்திடுவீர்'னு அவங்க பாசையில சொல்லுவாங்க. சரிம்மான்னுட்டு க்ளாச வாங்கி வச்சிருவேன். அந்த வீட்டுக்குள்ள மூணு கக்கூசு இருந்துச்சு. மூணையும் தெனம் நாந்தான் கழுவுனேன்."